படம் எடுத்த பிறகு

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்பத்தடியில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் மேலே இருக்கிற ஆள் ஆடாமல் அசையாமல் நிற்பான். அந்த மரியாதை தட்டானுக்குத் தெரியவில்லை. வண்ணத்துப்பூச்சிக்கும் தெரியவில்லை. கேமராவோடு கிட்டே போனால் பறந்துவிடும். பறக்காத ஒன்றிரண்டும் படத்தில் புகை மாதிரி கலங்கிக் கிடக்கும்.

அம்பாசமுத்திரத்தில் பூச்சிகளைக் கிட்டத்தில் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கிறவள் பியூலா. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். ஆவுடையப்பனுக்கு மகள் வயசு. வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைப்பாள். அவளிடம் படிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு படம் சுவரில் ஏறும், தேறினால்தான். போன வருஷம் ஆவுடையப்பன் படம் தேறவில்லை. இந்த வருஷம் ஏறியே தீரவேண்டும். தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

"என் படம் மட்டும் ஏன் டீச்சர் கலங்குது?" என்று ஒருநாள் ஆற்றங்கரையில் கேட்டேவிட்டார். சண்டைக்கு இழுக்கிற குரல்.

"பூச்சி உங்களுக்காக நிக்கணும்னு நினைக்கீய, அண்ணாச்சி" என்றாள்.

பிறகு பாடத்தை முதலிலிருந்து சொன்னாள். முழங்காலை ஊன்றி முழங்கையை அதன்மேல் வைக்க வேண்டும். காற்று ஓயட்டும் என்று இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகுதான் பட்டனை அமுக்க வேண்டும். பூச்சியின் கண் தெளிந்தால் போதும், வால் கலங்கினால் குற்றமில்லை. விடியற்காலையில் வந்தால் குளிரில் பூச்சி விறைத்திருக்கும், வெயில் ஏறும்வரை அவ்வளவாக அசையாது.

அவளிடம் படிக்கிறவர்களுக்கு ஒரு நோட்டும் உண்டு. பூச்சியின் பெயர், இடம், நேரம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: படம் எடுத்த பிறகு அது என்ன செய்தது? அதைப் பார்த்தாலே ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும். படம் எடுத்தாயிற்று, அப்புறம் அது எக்கேடு கெட்டால் நமக்கென்ன? இருந்தாலும் கடனே என்று எழுதி வந்தார். பறந்துவிட்டது. பறந்துவிட்டது. என் சட்டையில் உட்கார்ந்துவிட்டுப் பறந்தது.

ஒன்பது நாள் விடியலில் போய்ப் பார்த்தார். பனியில் வேட்டி நனைந்ததுதான் மிச்சம். ஒரு பூச்சி விறைத்து உட்கார்ந்திருந்தால் இவர் பெருமூச்சு விடுவார், இலை ஆடும், படம் போகும். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

பத்தாம் நாள் பதினோரு மணி வெயிலில் கொல்லையில் கொய்யாமரத்தில் ஒரு கும்பிடுபூச்சியைக் கண்டார். முன்கால் இரண்டையும் மடக்கிக் கும்பிட்டபடி அவரையே பார்த்தது. இவர் இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. குளிர்தானே வேண்டும்? குளிருக்கு எதற்கு விடியற்காலை? ஊறுகாய் டப்பாவில் பூச்சியைப் பிடித்து மூடி, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். முக்கால் மணி நேரம். மனைவி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவளையும் ஒரு சத்தம் போட்டார்.

வெளியே எடுத்து இலையில் வைத்தால், சொன்ன பேச்சுக் கேட்கிற லைன்மேன் மாதிரி இருந்தது. பனி வேண்டுமே என்று தண்ணீர் தெளித்தார். படம் எடுத்தார். காலில் இருக்கிற முள்ளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. கேமராவைத் தூக்கிக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் படத்தைச் சட்டம் போட்டுப் பள்ளிக்கூட ஹாலுக்குக் கொண்டுபோனார். பியூலா சுத்தியலோடு சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. இப்போது அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

"எத்தன நிமிஷம் வச்சீய?"

"எதுல?"

"ஃபிரிட்ஜ்ல."

ஆவுடையப்பன் வெடித்துவிட்டார். குளிர் என்று சொல்லிக்கொடுத்ததே நீதானே, ஆற்றங்கரைக் குளிர் என்ன, வீட்டுக் குளிர் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று ஹால் அதிரக் கத்தினார். ஒரு வருஷமாகச் சின்னப்பிள்ளை மாதிரி நோட்டு எழுதவைத்துப் படுத்துகிறாய் என்றார். படம் தெளிவாக இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார்.

"தெளிவா இருக்கு" என்றாள் பியூலா. "உச்சி வெயில்ல பனி விழுந்திருக்கு. பக்கத்துல யாரு போனாலும் கும்பிடுபூச்சி தலையத் திருப்பிப் பாக்கும். இது உங்களப் பாக்கலியே, அண்ணாச்சி."

அவர் கொண்டுவந்திருந்த நோட்டை எடுத்து விரித்தாள். அந்தப் படத்துக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கடைசிக் கட்டம் காலி. பேனாவை நீட்டினாள்.

"இத எழுதிட்டு வாங்க. நான் மாட்டுதேன்."

இவ யார் எனக்குச் சொல்ல என்று முணுமுணுத்துக்கொண்டே மொபெட்டை முடுக்கினார். நேரே கொல்லைக்குப் போனார். எங்காவது பறந்து போயிருக்கும், அதை எழுதி அவள் முகத்தில் எறிய வேண்டும் என்று இருந்தது.

பூச்சி அதே இலையில் இருந்தது. கிளையோடு எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காலைக் காணோம். ஆவுடையப்பன் எறும்புகளை ஊதித் தள்ளினார். இடப்பக்கம் போய் நின்றார். வலப்பக்கம் போய் நின்றார். பிறகு முழங்காலை ஊன்றி, முழங்கையை அதன்மேல் வைத்து, மூச்சை அடக்கி உட்கார்ந்தார். காற்று ஓய்ந்திருந்தது. இலை ஆடவில்லை. மனைவி வந்து விளக்கு வைக்கும் நேரமாயிற்று என்று கூப்பிடும்வரை அப்படியே இருந்தார்.

அவர் திரும்பி வரும்போது ஹாலில் பியூலா மட்டும்தான் இருந்தாள். எல்லோர் படமும் ஏறியிருந்தது. ஓர் இடம் மட்டும் பாக்கி. நோட்டைக் கொடுத்தார். அவள் வாசித்தாள்.

'கொய்யா இலையிலேயே இருந்தது. ஒரு மணி நேரம் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.'

"படத்தக் குடுத்திரு தாயி" என்றார். குரல் எழும்பவில்லை. "மாட்ட வேண்டாம்."

பியூலாவின் முகத்தில் கோபம் இறங்கவில்லை. அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து, படத்துக்குக் கீழே சட்டத்தில் ஒட்டினாள்.

"எழுதினா மாட்டுதேன்னு சொன்னேன். எழுதிட்டீய" என்றாள். சுத்தியலை அவர் கையில் கொடுத்தாள். "ஆணிய நீங்களே அடிங்க, அண்ணாச்சி."