கரடி ரொட்டி

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. புள்ளிமான் செவ்வந்திதான் டீச்சர். சிறுத்தை எட்டிப் பார்க்காத இடம் அந்தக் காட்டில் அது ஒன்றுதான். அதனால் கரடி மாதங்கி இரை தேடப் போகும்போது தன் குட்டி குண்டுவை அங்கே விட்டுவிட்டுப் போவாள்.

மத்தியானத்துக்குக் கரடி ரொட்டி. பலாச்சுளை, விளாம்பழம், தேனடை எல்லாவற்றையும் மாதங்கி தின்பாள். வயிற்றில் பதமானதும் வெளியே எடுத்து, வட்டமாகத் தட்டிக் காயவைப்பாள். கரடிக் குட்டிகள் வளர்வதே அதைத் தின்றுதான்.

ஒருநாள் குண்டு தேக்கிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். செவ்வந்தி மூக்கைச் சுளித்தாள்.

"ச்சீ! இதென்ன நாற்றம்?"

"எங்கம்மா செஞ்ச ரொட்டி டீச்சர்! வயித்துலேர்ந்து எடுத்து..."

"வாந்தியா! வாந்தியையா தின்கிறாய்?"

முயல் குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. செவ்வந்தி குளம்பால் ஓர் எத்து எத்தினாள். ரொட்டி தண்ணீரில் போய் விழுந்தது.

சாயங்காலம் குட்டியைக் கூட்டிப்போக மாதங்கி வந்தாள்.

"நாளையிலிருந்து புல் கட்டிக் கொடு! இல்லையென்றால் உன் பிள்ளையை இங்கே விடாதே!" என்றாள் செவ்வந்தி.

மாதங்கிக்குச் சிறுத்தையின் நினைப்பு வந்தது. "சரிங்க டீச்சர்" என்று தலையை ஆட்டினாள்.

கரடிக் குட்டிக்குப் புல் செரிக்குமா? மூன்றே நாளில் குண்டுவின் வயிறு ஊதிப்போனது. கால்கள் துவண்டன. பயந்துபோன மாதங்கி ரொட்டியை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாம்மா. அது அசிங்கம்."

சிறுத்தைப் பயமெல்லாம் எங்கே போனதோ! குட்டியை முதுகில் ஏற்றி, ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் குளக்கரைக்கு ஓடினாள்.

நிழலில் செவ்வந்தி கால்மடக்கிப் படுத்திருந்தாள். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

"டீச்சர்! வாயில என்ன?"

"காலையில் மேய்ந்த புல்."

"காலையில முழுங்கினது இப்ப எப்படி வாய்க்கு வந்தது?"

"அது... அசைபோடுவது. உள்ளே போனதைத் திரும்ப எடுத்து மென்றால்தான் எங்களுக்கு உடம்பில் ஒட்டும். எங்கள் குல வழக்கம்."

மாதங்கி போட்ட உறுமலில் தவளைகள் எல்லாம் தண்ணீருக்குள் குதித்தன.

"உன் வயித்துலேர்ந்து வந்தா வழக்கம்! என் வயித்துலேர்ந்து வந்தா வாந்தியா? என் பிள்ளை சாகக் கிடக்கிறானே! உன் வாயை நீ ஒருநாளாவது பார்த்தியா?"

செவ்வந்தியின் வாய் நின்றது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கிளையிலிருந்து மணிப்புறா முனகியது. "நானும் குஞ்சுகளுக்குத் தொண்டையிலேர்ந்து எடுத்துத்தான் ஊட்டறேன்..."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று அதன்மேலும் பாய்ந்தாள் மாதங்கி.

குண்டு முதுகிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினான். "அம்மா, டீச்சரும் அப்படித்தானா?"

"அவங்களும் அப்படித்தான்டா."

"அப்ப எனக்கு ரொட்டி குடு."

எல்லோரும் பார்க்க, ஒரு துணுக்கு விடாமல் தின்றான்.

"நாளைக்கும் வருவான். இதே ரொட்டியோட வருவான்!" என்றாள் மாதங்கி.

இந்த முறை தலையை ஆட்டியது செவ்வந்தி.

அடுத்தவர் பிள்ளையின் சாப்பாட்டைப் பார்த்து 'ச்சீ' என்று சொல்லுமுன், தன் வாயில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.