தகைவிலான் குருவியின் பிளந்த வால்

குருவிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கொற்கைக் கடற்கரையில் பிறந்த உலகம்மை வடக்கே ஒரு குளிர்நாட்டில் குடியிருந்தாள். அவள் கணவன் சாத்தப்பன் கப்பல் கட்டுகிறவன். அந்த நாட்டுத் துறைமுகத்தில் அவனுக்கு வேலை.

அங்கே கோடை கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் உலகம்மை வீட்டுக்குள் இருக்கவே மாட்டாள். கொற்கையில் வெயிலைக் கண்டு நிழலுக்கு ஓடியவள், இங்கே நிழல் படப் பட வெயில் பக்கம் நகர்ந்து உட்காருவாள். வேலியோரம் பழுத்த சிவப்புப் பழங்களைப் பறித்துத் தின்பாள். அவள் வைத்த தட்டில் முள்ளெலி வந்து தண்ணீர் குடிக்கும். தும்பி முழங்காலில் உட்காரும்.

ஆனால் அவள் எதிர்பார்த்திருந்தது கூரை இறவாணத்தில் கூடு கட்டும் ஒரு குருவியைத்தான். அது குளிர்காலத்தைக் கொற்கையில் கழித்துவிட்டுக் கோடைக்கு இங்கே வரும். வந்ததும், கொற்கையில் இருக்கும் அவள் அம்மாவின் சேதியோடு நேராக அவள் மடியில் இறங்கும்.

"அக்கா, அம்மா நல்லா இருக்காங்க. கண்ணுதான் கொஞ்சம் மங்கல். தலைய நல்லா வெயில்ல காயவைக்கணுமாம், இல்லேன்னா நீர்க்கோவை பிடிச்சுக்குமாம்."

உலகம்மை சிரிப்பாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிடும்.

ஓர் ஆண்டு, கோடை முடியும் முன்பே சாத்தப்பன் வேறொரு துறைமுகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பனி விலகித்தான் திரும்புவான். உலகம்மைக்கு வெள்ளைப் பனிக்குள் தன்னந்தனியாக ஒரு குளிர்காலம்.

குருவி விடைபெற வந்தது. குஞ்சுகள் வேலிமேல் வரிசையாகக் காத்திருந்தன.

"இந்த ஒரு வருஷம் இருந்துடேன்" என்றாள் உலகம்மை. "அடுப்புப் பக்கத்திலேயே உனக்கு இடம் தர்றேன்."

"இருந்தா செத்துப்போவேன் அக்கா. பனியில பூச்சி ஏது, எனக்குத் தீனி ஏது? அம்மாகிட்ட என்ன சொல்லட்டும், சொல்லு."

"நீயும் போயிட்டா நான் யார்கிட்டப் பேசுறது?"

குருவி குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. இறக்கையை விரித்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, எட்டி அதன் வாலைப் பிடித்துவிட்டாள்.

"வலிக்குது அக்கா! விடு!"

அவள் விடவில்லை. குருவி உயிரைக் கொடுத்து ஒரு உதறு உதறிப் பறந்தது. வாலின் நடு இறகுகள் அவள் உள்ளங்கையில் இருந்தன. குஞ்சுகள் அலறிக்கொண்டு அதன் பின்னால் போயின. "மன்னிச்சிடு!" என்று அவள் கத்தியபோது வானத்தில் யாரும் இல்லை. அம்மாவுக்கு அவள் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் அழுதாள். அடுத்த கோடையில் குருவி அதே கூட்டுக்கு வந்தது. உலகம்மை தோட்டத்துக்கு ஓடினாள்.

"வந்துட்டியா! அம்மா எப்படி இருக்காங்க?"

குருவி அவள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. சொல்ல வந்ததுபோல அலகைத் திறந்தது. அப்போது அவள் கைகளைப் பார்த்துவிட்டது. அவள் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். குருவி கீச்சென்று கத்திவிட்டு உயரே போய்விட்டது.

அவள் பழம் வைத்தாள். கெஞ்சினாள். அம்மா இருக்கிறாளா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். கோடைதோறும் குருவி வந்தது, போனது. அந்தச் சேதி அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று முதல்தான் அந்தக் குருவிக்கு வால் நடுவில் பிளந்திருக்கிறது. தகைத்து, அதாவது தடுத்து நிறுத்த முடியாதது என்பதால் தகைவிலான் என்று பெயரும் வந்தது. நம் கூரையிலேயே கூடு கட்டினாலும், கை எட்டும் தூரத்தில் அது உட்காருவதே இல்லை.