கை கோக்காத ஜோடிகள்

"எனக்கு ஒரு பதில் வேணும்" என்றாள் பிரிசில்லா.

"கேள்வி என்ன?" என்றாள் நாச்சியார்.

இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். பிரிசில்லா இப்போது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். நாச்சியார் பல்கலைக்கழகத்தில் கடுங்குளிர் ஆய்வுக்கூடம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். பேச்சு குறைவு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமே கிடையாது. அதனால் அங்கே படிக்கும் பிள்ளைகள் அவளை முதுகுக்குப் பின்னால் 'சாமியார்' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அவளைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கே வந்திருந்த பிரிசில்லா கேள்வியைச் சொல்லவில்லை. முறையீட்டைத்தான் சொன்னாள்.

முத்தரசி என்று ஒரு பெண். இயற்பியல் வேண்டாம், காமர்ஸுக்கு மாற்றிவிடுங்கள் என்று தலைமை சிஸ்டரிடம் போய் நின்றிருக்கிறாள். திங்கட்கிழமை முதல் பீரியடு மட்டும் இயற்பியலில் உட்கார், மணி அடித்ததும் காமர்ஸுக்குப் போய்க்கொள் என்று சிஸ்டரும் சொல்லிவிட்டார்.

"அவ போறதுக்கு நான்தான் காரணம்."

"என்ன செஞ்ச?"

"உட்காருன்னு சொன்னேன்."



புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவதற்காக மீகடத்தியை, அதாவது சூப்பர்கண்டக்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் பிரிசில்லா. சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் அணுக்களில் இடித்து இடித்துப் போகின்றன, அதுதான் மின்தடை. நன்றாகக் குளிர்ந்துவிட்டால் சில பொருள்களில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொள்கின்றன, தடையே இல்லாமல் போகின்றன.

எப்படி ஜோடி என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் சிற்றாலயத்துக்குப் போகும்போது இரண்டிரண்டு பேராகக் கை கோத்து, வாய் திறக்காமல் வரிசையாகப் போவார்கள். பிரிசில்லாவும் சின்ன வயதில் அப்படிப் போனவள்தான். அதே மாதிரி என்று சொல்லிவிட்டாள்.

வகுப்பே தலையாட்டியது. முத்தரசி மட்டும் எழுந்தாள்.

"அவ என்ன கேட்டா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"'மிஸ், கூட்டத்துல தனியாப் போனா வளைஞ்சு நெளிஞ்சு போயிரலாம். கை கோத்துட்டுப் போனா இன்னும் நல்லா இடிக்கத்தானே செய்யும்?'"

நாச்சியாரின் முகம் மலர்ந்தது.

"மத்த பிள்ளைங்க என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. புரிஞ்சுது மிஸ்னு சொன்னாங்க."

நாச்சியார் சிரித்தாள். பிரிசில்லாவுக்குக் கண் கலங்கியது.

பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். பிள்ளை இருமினால் பயம், இருமாமல் தூங்கினால் அதைவிடப் பயம். வகுப்பில் நின்றால், தெரியாத ஒன்றை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். அன்று கேட்டேவிட்டாள் ஒருத்தி. பதறிப்போய் உட்காரச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது.

"பொஸ்தகத்துல கை இருந்துச்சா?" என்றாள் நாச்சியார்.

"இல்ல. ஜோடின்னுதான் இருந்துச்சு. கையை நான் வச்சேன்."

"எடுத்துரு."

பிறகு எழுந்து ஆய்வுக்கூடத்துக்குள் போனாள். பிரிசில்லா பின்னாலேயே போனாள்.

ஒரு தட்டில் கறுப்பாக, மாத்திரை போல ஒரு வில்லை. நாச்சியார் அதன்மேல் திரவ நைட்ரஜனை ஊற்றினாள். அடுப்பில் வைத்ததுபோல் அது கொதித்தது. புகை மேசையிலிருந்து வழிந்தது. கொதி அடங்கியதும் இடுக்கியால் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வில்லைக்கு மேலே விட்டாள்.

காந்தம் விழவில்லை. அந்தரத்தில் நின்றது.

படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறாள் பிரிசில்லா. நேரில் பார்த்தபோது தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் அதற்கு அடியில் நீட்டப் போனாள். நாச்சியார் தட்டிவிட்டாள்.

"குளிரே சுட்டுரும். அது விழாது."

"இதுலயும் ஜோடிதானா?"

"ஜோடிதான்."

"எது சேத்து வைக்குது?"

"தெரியாது."

"உனக்கே தெரியாதா?"

"பாதரசம், ஈயம் மாதிரி உலோகம்னா சொல்லிருவேன். இந்தக் கறுப்பு வில்லையில யாருக்கும் முழுசாத் தெரியாது."

"பிள்ளைங்க கேட்டா என்ன சொல்லுவ?"

"அதையேதான்."

பிரிசில்லா, சரி, அந்தத் தெரிந்த உலோகத்தையாவது சொல்லேன் என்று கெஞ்சினாள்.

"ஜோடி பக்கத்துப் பக்கத்துல நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல ஊர்ப்பட்ட கூட்டம். அந்தக் கூட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் இதே மாதிரி தூரத்துல ஒரு துணை. எல்லாம் பின்னிப்போய் ஒரே ஓட்டமாப் போகும். ஒண்ணை நிறுத்தணும்னா அத்தனையையும் நிறுத்தணும். அந்தக் குளிர்ல எதுக்கும் அவ்வளவு தெம்பு இருக்காது."

"அவ்வளவு தூரத்துல இருந்தா ஜோடின்னு எப்படிச் சொல்றது?"

நாச்சியார் பிரிசில்லாவின் முந்தானையைப் பார்த்தாள்.

பிரிசில்லா குனிந்து பார்த்தாள். பால் சுரந்து நனைந்திருந்தது. அவசரமாக இழுத்து மூடிக்கொண்டாள்.

"பிள்ளை எங்கடி இருக்கான்?"

"வீட்டுல. அத்தைகிட்ட."

கைப்பேசி அடித்தது. மாமியார்தான். பிள்ளை முழித்துக்கொண்டான், பால் எடுத்து வைத்தது எங்கே என்று கேட்டார். பிரிசில்லா சொல்லிவிட்டு வைத்தாள்.

"நடுவுல எத்தனை பேரு?" என்றாள் நாச்சியார்.

"ஊரே இருக்கு."

காந்தம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதை வகுப்புல சொல்லலாமா?"

"சொல்லு. ஆனா இதுவும் உவமைதான். எங்கயாவது உடையும்."

"உடைஞ்சா?"

"எங்கன்னு அவ சொல்லுவா. போ, பிள்ளை அழுவான்."

*

திங்கட்கிழமை முத்தரசி கடைசி பெஞ்சில் இருந்தாள். பையை மடியில் வைத்திருந்தாள். நோட்டுகூட எடுக்கவில்லை.

பிரிசில்லா முதலில் கையை எடுத்தாள். எலக்ட்ரான்கள் கை கோப்பதில்லை, அது நான் சேர்த்தது, தப்பு, முத்தரசி கேட்டதுதான் சரி என்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

பிறகு தூரத்து ஜோடியைச் சொன்னாள். நடுவில் நிற்கும் கூட்டத்தைச் சொன்னாள். தாய்க்குப் பால் சுரப்பதைச் சொன்னபோது அவள் காது சிவந்தது. நடு பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். விடாமல் சொல்லி முடித்தாள்.

கடைசியில் கறுப்பு வில்லைக்கு வந்தாள்.

"அதுல எது ஜோடி சேக்குதுன்னு எனக்குத் தெரியாது. இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது."

சொன்ன பிறகு கூரை இடிந்து விழுகிறதா என்று பார்ப்பவள்போல ஒரு கணம் நின்றாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசி பெஞ்சில் பை கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

"மிஸ்."

"சொல்லும்மா."

"அம்மாவுக்குப் பால் சுரக்குது, சரி. பிள்ளைக்கு என்ன ஆகுது? அது பசிக்குத்தானே அழுவுது. அம்மாவ நெனச்சா அழுவுது? ஜோடின்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல இருக்கணும்ல?"

பிரிசில்லாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் இந்நேரம் அவன் புட்டிப் பாலைக் குடித்துவிட்டு, யார் மடியானால் என்ன என்று தூங்கிக்கொண்டிருப்பான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"சரிதான். அங்க உடைஞ்சிருச்சு" என்றாள்.

மணி அடித்தது.

பிள்ளைகள் புத்தகங்களை மூடினார்கள். காமர்ஸ் வகுப்பு எதிர் வராந்தாவில். பிரிசில்லா முத்தரசியைப் பார்க்காமல் சாக்பீஸைப் பெட்டியில் போட்டாள், மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டாள், வாசலுக்குத் திரும்பினாள்.

"இருங்க மிஸ்" என்றாள் முத்தரசி. "நான் இன்னும் முடிக்கல."