வித்துவானின் ஜலதோஷம்

“பெரிய வித்துவானுக்கு ஜலதோஷமாம்டி. இன்றைக்கு வீணைப் பரீட்சை கிடையாதாம்.”

அரண்மனைத் தாழ்வாரத்தில் ஈரத்துணியை உதறிக்கொண்டே ஒரு பணிப்பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். அந்த வழியாகப் போன குழல்வாய்மொழி நின்றுவிட்டாள்.

குழல்வாய்மொழி, நெல்வாய்க்கோட்டை ராஜா திருமலைக்கொழுந்துக்கு ஓலை வாசிப்பவள். சபையில் எல்லோரும் பேசும்போது வாயைத் திறக்கமாட்டாள். எல்லோரும் முடித்த பிறகு ஒரு வார்த்தை சொல்வாள். முன்னால் பேசியவர்களுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

‘தொண்டை கட்டினால் பாட்டு நிற்கும், சரி. மூக்கு அடைத்தால் வீணைப் பரீட்சை ஏன் நிற்க வேண்டும்?’ என்று யோசித்தாள்.

பரீட்சை விவகாரம் இதுதான். அரண்மனையில் முன்னூறு வருஷத்து வீணை ஒன்று உண்டு. கொம்பையா ஆசாரி இரண்டு வருஷம் இழைத்து, குடைந்து, புதிதாக ஒரு வீணை கொண்டுவந்தார். ஆஸ்தான வித்துவான் அம்பலக்கூத்தர் அதைத் தொடக்கூட இல்லை.

“பழையதில் நாதம் இருக்கிறது. புதியதில் மரம்தான் இருக்கிறது” என்றார்.

“பார்க்காமல் கேட்டுச் சொல்வீர்களா, சாமி?” என்று ஆசாரி கேட்டுவிட்டார்.

திரை கட்டினார்கள். வித்துவான் இரண்டு தடவையும் பழசு எது, புதுசு எது என்று பிசகாமல் சொல்லிவிட்டார். மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டால் புது வீணை சமையல்கட்டு அடுப்புக்குப் போகும். ஆசாரி தம் உளியை ஒப்படைத்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் வீணை செய்யவே கூடாது. இது ராஜாவின் உத்தரவு.

குழல்வாய்மொழி நேரே வீணை அறைக்குப் போனாள். பழைய வீணையின் பட்டுறையை விலக்கினாள். புனுகு வாசனை முகத்தில் அறைந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் புனுகு தடவுவது அரண்மனை வழக்கம். இரண்டு முறை தும்மிவிட்டு ராஜாவிடம் போனாள்.

“மகாராஜா, மூன்றாம் பரீட்சை எப்போது?”

“வித்துவானுக்கு மூக்கு திறந்ததும். மூக்கு அடைத்தால் காதும் அடைக்குமாம், குழலி. சங்கீதக் காது அப்படியாம்.” ராஜா கொட்டாவி விட்டார்.

“இந்த முறை திரைக்குப் பின்னால் நடப்பதை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?”

“பார்த்துக்கொள். ஆனால் என் வித்துவானை வீணாக அவமானப்படுத்தினால், மறுநாளிலிருந்து எருமைத் தொழுவத்தில்தான் ஓலை வாசிப்பாய்.”

“எருமைகளாவது நடுவில் கொட்டாவி விடாது, மகாராஜா.”

ராஜா வாயை மூடிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து மூக்கு திறந்தது. காலையிலேயே சபை கூடியது. கொம்பையா ஆசாரி உளியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அரண்மனைச் சமையல்காரர் கோடரியோடு தயாராக நின்றார்.

“இந்த முறை மூன்று வாத்தியங்கள், ஐயா” என்றாள் குழல்வாய்மொழி.

“முப்பது வை” என்றார் அம்பலக்கூத்தர்.

திரைக்குப் பின்னால் முதல் வீணை ஒலித்தது. வித்துவான் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தார்.

“ஆஹா! முன்னூறு வருஷம்! இந்தத் தந்தியில் என் குருவின் குருவே வந்து உட்கார்ந்திருக்கிறார்!”

அவர் தலை ஆடியது. உடனே பக்கத்திலிருந்த பதினோரு சின்ன வித்துவான்களின் தலையும் ஆடியது.

அடுத்தது ஒலித்தது. டொய்ங்... டொய்ங்... டொய்ங்...

சின்ன வித்துவான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மூச்சை இழுத்தார். நெஞ்சில் கை வைத்தார்.

“அடடா, இது அதைவிடப் பழசு! ஐந்நூறு வருஷமாவது இருக்கும். என்ன கம்பீரம்! இந்தக் காலத்தில் யார் இப்படி வாசிக்கிறார்கள்?”

பதினோரு தலையும் ஆடியது. திரைக்கு மேலே ஒரு துளிப் பஞ்சு பறந்து வந்து வித்துவானின் மீசையில் உட்கார்ந்தது. ராஜா அதைப் பார்த்தார்.

மூன்றாவது வாத்தியம் ஒலித்தது. வித்துவான் மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். முகம் சுருங்கியது.

“சே! பச்சை மரம். காதில் சிராய் ஏறுகிறது.”

“நிச்சயமாகவா, ஐயா?”

“இதில் என்னம்மா சந்தேகம்? இது அடுப்பில் வைத்தால்கூட எரியாது. வெறும் புகைதான் வரும்.”

“அப்படியானால் அடுப்புக்கு எடுத்துப்போகச் சொல்லட்டுமா?”

“இன்னுமா எடுக்கவில்லை?”

சமையல்காரர் ஒரே இழுப்பில் திரையை விலக்கிக் கோடரியை ஓங்கினார். ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். கிரீடம் காதில் வந்து நின்றது.

“அடேய், நிறுத்து! அது எங்கள் முப்பாட்டனார் வீணை!”

பழைய வீணைதான். நான்கு நாள் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் காற்றாட வைத்ததில் வாசனை போயிருந்தது. பக்கத்தில் ஆசாரியின் புது வீணை, குடத்திலிருந்து யாளித் தலை வரை புனுகு பூசிக்கொண்டு மினுங்கியது. அதற்கும் பக்கத்தில் மெத்தை தைக்கும் மீரான், பஞ்சடிக்கிற வில்லோடு நெளிந்துகொண்டிருந்தார். வில்லுக்கும் புனுகு.

“ஐந்நூறு வருஷமெல்லாம் இல்லீங்க மகாராஜா” என்றார் மீரான். “போன சித்திரையில கட்டினது.”

சபை முழுக்க வித்துவானைப் பார்த்தது. அவர் மீசையிலிருந்த பஞ்சை மெதுவாக எடுத்தார்.

“மகாராஜா, எனக்கு ஜலதோஷம் இன்னும் முழுசாக விடவில்லை.”

“விட்டுவிட்டது, ஐயா” என்றாள் குழல்வாய்மொழி. “அதுதான் சிக்கல்.”

ராஜா சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. சின்ன வித்துவான்கள் மட்டும் பெரியவரின் தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுச் சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள்.

“இந்த நவராத்திரிக்குப் புது வீணைதான் கொலுவில் வாசிக்க வேண்டும்” என்றார் ராஜா. “ஆசாரி, உளி உம்முடையதுதான். குழலி, உனக்கு என்ன வேண்டும்?”

“ஒரே ஒரு ஓலையைக் கொட்டாவி விடாமல் கேளுங்கள், மகாராஜா.”

“அது மட்டும் என்னால் முடியாது” என்று ராஜா தம் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

கொம்பையா ஆசாரி உளியை இடுப்பில் செருகினார். எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். பட்டறையில் இன்னும் எட்டு வீணைகள் பாதி வேலையில் கிடந்தன. அவர் பட்டறைக்குப் போகவில்லை. கடைத்தெருவில் வாசனைக்கடை முன்னால் போய் நின்றார்.

“எட்டு வீணைக்குத் தடவுகிற அளவு புனுகு கொடுங்க” என்றார்.