இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகள்

நெல்லையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஹபீபா என்றொரு பேராசிரியை இருந்தார். அவரிடம் ஆய்வு மாணவராக வந்து சேர்ந்த ஞானதுரைக்கு அவரைவிட ஆறு வயது கூடுதல்.

மூன்று வருடமாக ஞானதுரைக்கு ஒரே வேலை. மலைக்கொடி ஒன்றின் இலையிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் சாற்றைப் பிரித்தெடுத்து, தட்டில் வளரும் பெருங்குடல் புற்றுச்செல்கள்மேல் விடுவார். செத்த செல் சாயத்தில் நீலமாகும். அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் கூடும் கைக்கருவியால் அதை எண்ணுவார். இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகள். எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் நீலம்.

அப்படியிருக்கையில், அவர் தங்கை ஜெயசீலிக்குப் பெருங்குடலிலேயே புற்று என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல் கீமோ.

புதன்கிழமை காலை ஞானதுரை ஒரு பாட்டிலோடு வந்து நின்றார்.

“சாறு, மேடம். தங்கச்சிக்குக் கீமோவோட சேர்த்துக் குடுக்கலாமா?”

ஹபீபா பாட்டிலைப் பார்க்கவில்லை. “கீமோவுல என்ன மருந்து?”

சொன்னார்.

“நம்ம ஃபிரிட்ஜில இருக்கு. ரெண்டு தட்டு எடுத்து வச்சிட்டு வெளிய நில்லுங்க.”

இரண்டிலும் புற்றுச்செல்கள். ஹபீபா ஒன்றில் மருந்து மட்டும் விட்டார். மற்றதில் மருந்தும் சாறும். மூடியில் எழுதி, எழுத்தின்மேல் காகிதம் ஒட்டினார்.

“வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எண்ணுங்க. எண்ணி முடிக்காம காகிதத்தைப் பிரிக்கக் கூடாது.”

“என் கண்ணுமேல நம்பிக்கை இல்லையா மேடம்?”

“கண்ணுமேல இருக்கு சார். தங்கச்சிமேல பாசமும் இருக்குல்லா உங்களுக்கு?”

வெள்ளிக்கிழமை ஞானதுரை நுண்ணோக்கியில் குனியும்போதே செல்போன் அடித்தது.

“அண்ணே, நாங்க கிளம்பிட்டோம். உன் பச்சத்தண்ணி எனக்கும் உண்டா, இல்ல உன் தட்டுக்கு மட்டும்தானா?”

“கொண்டாரேன்ட்டி. வை.”

தட்டுக்கு இருநூறு செல். முதல் தட்டில் நூற்று முப்பத்து நான்கு நீலம். இரண்டாவதில் எழுபத்தொன்று. நம்பாமல் மறுபடி எண்ணினார். எழுபத்து மூன்று.

நிமிர்ந்தார். “மொதத் தட்டுதான் மேடம், ரெண்டும் சேர்ந்தது. பாருங்க, எவ்வளவு செத்திருக்கு!”

“பிரிங்க.”

பிரித்தார். ‘மருந்து மட்டும்.’

தேவையில்லை என்று தெரிந்தும் இரண்டாவதையும் பிரித்தார். ‘மருந்து, சாறு.’ பேராசிரியையின் கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

மணி எட்டு இருபது. பாட்டில் மேசைமேல் இருந்தது.

“ஒரு தட்டுதானே மேடம். தப்பா இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

“இருநூத்திப் பன்னெண்டு தட்டுல இந்தச் சாறு கொன்னுருக்கு!”

“ஆமா. கொன்னுருக்கு.”

ஞானதுரை பாட்டிலை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

“ஆஸ்பத்திரி வாசல்லயே நிப்பா. எங்கண்ணேன்னு கையை நீட்டுவா. இருநூத்திப் பன்னெண்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. அவகிட்ட நான் என்ன சொல்ல?”

ஹபீபா எண்ணும் கருவியைச் சுழியத்துக்குத் திருப்பி, அவர் கையில் வைத்தார்.

“அவங்க உடம்புல ரெண்டும் சேரும். அப்படிச் சேர்ந்த தட்டு இதுவரைக்கும் எத்தனைன்னு சொல்லுங்க.”

ஞானதுரை பாட்டிலை மேசையில் வைத்தார். கட்டைவிரலால் கருவியை ஒரே ஒரு தடவை அழுத்தினார்.