மேலேறி பேசிய பேரம்

ஒரு படக்கதைப் புத்தகத்துக்குள் ஒரு நகரம் இருந்தது. அதன் ஆகாயம் முழுக்க நீலப் புள்ளிகள். அங்கே மழை கோடு கோடாக நிற்கும், தரையைத் தொடாது.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சந்து. அதில் மேலேறிகள் மிதந்தன. வேற்றுலக ஜந்துக்கள், உருவமில்லாதவை. உருவமுள்ளவன் மேல் ஏறிப் பலத்தை உறிஞ்சும். சக்கையை உதறிவிட்டு வெள்ளைக்குத் திரும்பும். பக்கம் புரள்வதற்குள் திரும்பிவிட வேண்டும். தவறினால் ஏறின உடம்புதான் கடைசி வரைக்கும்.

ஒருநாள் பசித்த மேலேறி ஒன்று மொட்டைமாடியில் இறங்கியது. அந்த நகரத்தைக் காக்கும் இடிமாறன் தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மேலங்கி கொடியில் காய்ந்தது. பக்கத்தில் முகமூடி.

"வந்துட்டான்யா ஓசிச் சோறு!" என்றது முகமூடி.

மேலேறி அதைச் சட்டை செய்யவில்லை. மேலங்கியிடம் போய்க் குழைந்தது. "அண்ணாச்சி, உங்க ஆளு கழுத்தோரமா கொஞ்சம் இடம் கொடுங்க. சும்மா இல்லே. ரெண்டு மடங்கு பறப்பான்."

"யாருகிட்ட கதை விடுற? உன் இனத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"சரி, கழுத்து வேண்டாம். ஒத்தைத் தோள்."

"சில்லறையா கொடுக்கிறதில்லே. தோள் வேணும்னா அதுமேல இருக்கிறதும் சேர்த்து எடுக்கணும்."

மேலேறி எட்டிப் பார்த்தது. தோளில் வெயில் மட்டுந்தான் இருந்தது. "இதுக்கா இந்த பில்டப்பு? எல்லாம் எடுத்துக்கிறேன்!"

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"அட பாவி, முதலாளியையே வித்துட்டியே!" என்று முகமூடி அலறியது. மேலங்கி காற்றில் ஒருதரம் புரண்டு கொடுத்தது.

மேலேறி உள்ளே நுழைந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. பதநீர் குடிப்பதுபோல் உறிஞ்சியது. கண் சொக்கியது. ஆகாயத்துப் புள்ளிகள் மீன்களாகி நீந்தின.

அப்போது துறைமுகத்துப் பக்கம் யாரோ கத்தினார்கள்.

கத்தல் மேலேறியின் நெஞ்சில் விழுந்தது. அதுவரை அதற்கு நெஞ்சே கிடையாது. இடிமாறன் எழுந்து மேலங்கியையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு பறந்தான், மேலேறியும் கூடவே. திரும்பி வருவதற்குள் சந்தையில் இன்னொரு கத்தல். பிறகு பள்ளிக்கூடத்துக் கூரையில். தின்ன நேரமில்லை.

"அண்ணாச்சி, என்ன கொடுமை இது? எவனோ கத்துறான், எனக்கு ஏன் வலிக்குது?"

"தோளோட வந்ததுதான் தம்பி."

"எனக்கு வேண்டாம். திரும்ப எடுத்துக்குங்க!"

முகமூடி சிரித்தது. "உடுத்திப் பார்த்த துணியை எந்தக் கடைக்காரன் திரும்ப வாங்குவான்? போடா!"

அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஆற்றுப் பாலம் இடிந்தது. தூண் ஓரம் கடை போட்டிருந்த கீரைக்காரி காசாம்பு கீழே மாட்டிக்கொண்டாள். இடிமாறன் பாய்ந்துபோய் விழுகிற பாலத்தைத் தோளில் வாங்கினான்.

"யய்யா, காலு மாட்டிக்கிச்சு," என்றாள் அவள். "கொஞ்சம் பிடிச்சுக்க. உருவிக்கிறேன்."

"மெதுவா உருவும்மா," என்றான் அவன். அவன் பலத்தில் பாதிக்குமேல் மேலேறி குடித்திருந்தது. இப்போது பாலத்தைத் தாங்கி நின்றது மேலேறிதான்.

மேலே வெள்ளைச் சந்து திறந்தது. மேலேறிக் கூட்டம் பால்போல் வழிந்து வந்தது.

"டேய், பக்கம் புரளப்போகுது! சக்கையை உதறிட்டு வாடா!"

வெள்ளை அழகாக இருந்தது. அங்கே பசி உண்டு, வலி கிடையாது. மேலேறி ஒரு விரல் அளவு வெளியே வந்தது. பாலம் ஒரு விரல் இறங்கியது.

"யய்யா!" என்றாள் காசாம்பு.

மேலேறி உள்ளே போய்விட்டது.

பக்கத்தின் ஓரம் மெல்ல மேலெழும்பியது. ஆகாயம் வளைந்தது. "என்னடா பண்றே அங்கே? அவனைப் பிடிச்சியா, அவன்கிட்ட மாட்டிக்கிட்டியா?" என்று கூட்டம் கத்தியது.

"சும்மா கத்தாதீங்கடா!" என்று மேலேறி சீறியது. "கீழே ஆள் இருக்கு."