வேப்பிலை சொருகின வீட்டு வாத்துக்குஞ்சு

ஒரே ஒரு ஊர்ல, வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல ஒரு ஓட்டு வீடாம். அந்த வீட்டுல தையல்நாயகின்னு ஒருத்தி. அம்மாம் பெரிய பேரை யார் கூப்பிடறது? எல்லாருக்கும் அவ தையலுதான். அந்தத் தையலு ஒரு வாத்து வளத்தா. ம் சொல்லு.

ம்.

அந்த வாத்து இருக்கே, சரியான ஊர்சுத்தி. முட்டை போடும், திரும்பிக்கூடப் பாக்காது. தொப்புனு வாய்க்கால்ல குதிச்சு, குவாக் குவாக்குனு போயிடும். "அடையில உக்காருடி"ன்னா, எனக்கு வேற வேலை இல்லையாங்கற மாதிரி வாலை ஆட்டிட்டுப் போகும்.

தையலு பாத்தா. "நீ உக்காராட்டி போ, நான் பொரிக்க வைக்கிறேன்"னா.

அவ புருஷன் பக்கிரி சிரிச்சான். "நீயா அடையில உக்காரப் போற?"

"நான் ஏன் உக்காரணும்? குண்டு பல்பு உக்காரும்."

அப்புறம், மீன்கடையிலேருந்து ஒரு வெள்ளை தெர்மாகோல் பெட்டி வாங்கியாந்து, நாத்தம் போகக் கழுவிக் காய வச்சா. மூடியில ஒரு கண்ணாடித் துண்டு பதிச்சா. உள்ள குண்டு பல்பு, ஒரு கிண்ணத்துல தண்ணி, வைக்கோல் மேல முட்டைங்க.

"தண்ணி எதுக்கு? பொறக்கும்போதே தாகமா இருக்குமா?"ன்னான் பக்கிரி.

"ஈரத்துக்குங்க. ஓட்டுக்கு உள்பக்கம் ஒரு மெல்லிசு தோல் இருக்குல்ல, அது காஞ்சா குஞ்சை இறுக்கிப் பிடிச்சுக்கும்."

நாள் போச்சு. தினம் முட்டையைப் பொரட்டி விட்டா. அப்புறம் ஒரு நாள் காலையில, பெட்டிக்குள்ள டொக்... டொக்... டொக்குனு சத்தம்!

சேதி தெரு முழுக்கப் பரவிடுச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஒரு வீட்டுல புள்ள பொறந்தா, எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரணும். போகலன்னா மனஸ்தாபம். வந்தவங்ககிட்ட அப்புறம் வாங்கன்னு சொன்னா அதைவிடப் பெரிய மனஸ்தாபம். வாத்துக்குஞ்சுக்கும் அப்படியே வந்துட்டாங்க.

மொதல்ல எதிர்வீட்டு அமிர்தம் வந்தா. கண்ணாடியில கண்ணை வச்சா. உள்ள ஈரமா, கண்ணாடி முழுக்க ஆவி. "ஒண்ணும் தெரியலையேடி"ன்னு மூடியைத் தூக்கினா. புஸ்! ஈரக்காத்து வெளிய போயிடுச்சு. அப்புறம் பால்காரர் வந்தாரு. "நானும் ஒரு பார்வை"ன்னாரு. புஸ்! அப்புறம் பக்கிரியோட அக்கா சொர்ணம், புள்ளைங்க பட்டாளத்தோட வந்தா. புஸ், புஸ், புஸ்! தையலுக்கு வேணாம்னு சொல்ல வாய் வரலை. எல்லாருக்கும் சர்க்கரை குடுத்து அனுப்பினா.

கேக்குறியா?

ம்...

சாயங்காலத்துக்குள்ள எல்லாக் குஞ்சும் பொரிஞ்சு, கீச்சு கீச்சுன்னு பெட்டியில உருளுது. ஒண்ணு மட்டும் வரலை. கடைசிக் குஞ்சு. சின்ன ஓட்டை போட்டு, மூக்கு நுனியை நீட்டிக்கிட்டு, "கீ... கீ..."ங்குது. அதுக்கு மேல முடியலை. தையலு டார்ச் அடிச்சுப் பாத்தா. உள்தோல் காஞ்சு, பொரிச்ச அப்பளமாட்டம் குஞ்சு மேல ஒட்டிக் கெடக்கு!

"பிச்சு விட்டுடு"ன்னான் பக்கிரி.

"சும்மா இருங்க"ன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா.

டாக்டரம்மா சொன்னாங்க, "அவசரப்படாதே. அதோட ரத்தம் இன்னும் அந்தத் தோல்ல ஓடுது. பிச்சா குஞ்சு போயிடும். வெதுவெதுன்னு தண்ணியில பஞ்சை நனைச்சுத் தோலை ஊற வை. மூக்குல தண்ணி போகக் கூடாது. முட்டையோட ஓட்டைக் கொஞ்சமா எடு. செவப்பு நூலாட்டம் ரத்தக்கோடு தெரிஞ்சா நிறுத்து. பெட்டிக்குள்ள வச்சு மூடு, ரொம்ப நேரம் கழிச்சு மறுபடி பாரு. நடுவுல யாரும் திறக்கக் கூடாது."

சரின்னு போனை வச்சா. அப்போ வெளிய வேலிப் படலைத் திறக்கற சத்தம், கிரீச்! சொர்ணம்தான். இந்தத் தடவை அடுத்த தெரு ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றா!

தையலு ஒரு நிமிஷம் முழிச்சா. அப்புறம் கொல்லைக்கு ஓடி, வேப்பங்கொத்து ஒண்ணை ஒடிச்சு, வாசக்கதவுல சொருகிட்டு உள்ள வந்துட்டா.

வெளிய காலடிச் சத்தம் நின்னுடுச்சு. "ஐயய்யோ, அம்மை போட்டிருக்குடி! புள்ளைங்களா, கிட்ட போவாதீங்க!" திடுதிடுதிடுன்னு எல்லாம் திரும்பிடுச்சு.

"யாருக்குடி அம்மை?"ன்னான் பக்கிரி, தன் கையையே தடவிப் பாத்துக்கிட்டு.

"யாருக்கும் இல்ல. போயி தண்ணி சுட வைங்க."

அப்புறம் பஞ்சால தொட்டுத் தொட்டு ஊற வச்சா. நகத்தால ஓட்டைக் கிள்ளினா. டிக். ஒரு பொட்டளவு. உள்ள செவப்பு நூல்! கையை எடுத்துட்டா. உள்ள வச்சு மூடிட்டா.

ரொம்ப நேரம் கழிச்சு ரெண்டாவது தடவை. டிக், டிக். நூல் இளைச்சிருக்கு, ஆனா இருக்கு. "இவ்வளவுதானே, இழுத்துடேன்"னு பக்கிரி கை நீட்டினான். பட்டுனு ஒரு அடி வச்சா கையில. மூடிட்டா.

அப்புறம் பாரு, "கீ"ங்கற சத்தமே நின்னுடுச்சு. பக்கிரி அவளைப் பாக்குறான். அவ பெட்டியைப் பாக்குறா. மூடி மேல கையை வச்சா... எடுத்துட்டா. "தூங்குது. தூங்கட்டும். ரத்தமெல்லாம் குஞ்சு உள்ள இழுத்துக்க நேரம் வேணாமா?" காதைப் பெட்டியில வச்சுக் கேட்டா. ஆனா மூடியைத் தொடலை.

தூங்கிட்டியா?

...ம்.

விடிஞ்சுது. மூணாவது தடவை மூடியைத் தூக்கினா. மூக்கு அசையுது! தோல் வெள்ளை வெளேர்னு இருக்கு, ஒரு செவப்பு நூல்கூட இல்ல. ஊற வச்சா, உரிச்சா. டிக், டிக், டிக். மூக்கு வந்துது, தலை வந்துது, கழுத்து வந்துது. அதோட கையை எடுத்துட்டா.

"மிச்சம்?"ன்னான் பக்கிரி.

"மிச்சத்தை அதுவே உதைக்கட்டும். கால்ல பலம் வர வேணாமா?"

உதைச்சுது. நின்னுது. மறுபடி உதைச்சுது. அப்புறம் ஒரே உதை, படக்! ஓடு அந்தப் பக்கம், குஞ்சு இந்தப் பக்கம். நனைஞ்ச துணியாட்டம் கெடந்து, தலையை ஆட்டி ஆட்டித் தூக்கி, "கீ!"ன்னுச்சு. பக்கிரி மூக்கை உறிஞ்சிக்கிட்டே தண்ணிச் சட்டியைக் கழுவப் போயிட்டான்.

குஞ்சு காஞ்சு பஞ்சு உருண்டையானதும் தையலு அதைக் கையில எடுத்துக்கிட்டுக் கதவைத் திறந்தா. படலுக்கு வெளிய சொர்ணம், கையில இளநீரு, கண்ணெல்லாம் வீங்கி. "யாருக்குடி அம்மை? சொல்லித் தொலையேன், ராத்திரி பூரா தூங்கலை!"

"யாருக்கும் இல்ல அண்ணி. இவன் வெளிய வர முடியாமக் கெடந்தான். மூடியைத் திறக்காதீங்கன்னு ஒங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல வரலை. அதான் வேப்பிலை."

"அடிப்பாவி!" சொர்ணம் இடுப்புல கையை வச்சா. "வாயில சொல்ல வேண்டியதுதானே?"

"இனிமே சொல்வேன் அண்ணி. இப்பவே சொல்றேன், கையைக் கழுவிட்டுத் தொடுங்க."

சொர்ணம் அவளை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் நேரா குழாயடிக்குப் போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து, குஞ்சை உள்ளங்கையில வாங்கினா. "அம்மைன்னு சொல்லியாச்சு. அம்மை எறங்கினா தலைக்குத் தண்ணி ஊத்தாம விடலாமா?"ன்னா. தையலு ஒரு தட்டுல வெதுவெதுன்னு தண்ணி வச்சா. ஊத்த ஆள் எதுக்கு? குஞ்சு பளக்குனு தானே தலையை முக்கி, சொர்ணம் மூஞ்சியில சிலுப்பி விட்டுடுச்சு!

ம் சொல்லு.

...

சரி, ம் வேணாம். கதை கரையேறிடுச்சு. நீ தூங்குடா ராசா.